தொண்ணூற்றொன்பது

வங்காளதேசத்துச் சீதாகுண்டக் கரையில் ஆக்சிஜன் என்று சொன்னால் யாருக்கும் மருந்து ஞாபகம் வராது. இரும்பு அறுப்பதுதான் ஞாபகம் வரும். ஏழு மாடி உயரக் கப்பலைக் கடல் ஏற்றத்தோடு இழுத்துவந்து சேற்றில் உட்காரவைத்து, ஆட்டை உரிப்பதுபோல உரித்துக் கூறு போடுகிற கரை அது. அங்கே முப்பது வருஷம் நெருப்புக்குழல் பிடித்துக் கட்டர் வேலை பார்த்த மனிதர் தொபாரக் மியா. அந்த ஆக்சிஜனை மூக்கில் மாட்டிக்கொள்ளச் சொன்னால் அவருக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

"இரும்பையே எரிக்கிற சாமான்டீ அது. அத எம் மூக்குல சொருகப் போறாங்களாம்" என்றார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே. அந்த ஒரு பேச்சைப் பேசி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"டாக்டர் தானே சொல்றாரு? அவருக்குத் தெரியாதா?" என்றாள் அவர் பெண்டாட்டி மொர்ஜினா.

"டாக்டர் கப்பல் வயித்துக்குள்ள எறங்கியிருக்காரா? நான் எறங்கியிருக்கேன். ரபியுல் போனத இந்தக் கண்ணால பாத்திருக்கேன்."

ரபியுல் போன கதை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆக்சிஜன் ஹோஸ் எங்கேயோ கசிந்திருக்கிறது. சாப்பாட்டு நேரம் முழுக்கக் கப்பலின் அடியறைக்குள் அது நிறைந்து கிடந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இறங்கிய ரபியுல் ஒரு பீடி பற்றவைத்தான். அவ்வளவுதான். உடுத்திய லுங்கியும் சட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. அதனால், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற மெஷின் வீட்டுக்கு வந்து உறுமத் தொடங்கியதும், தொபாரக் மியா அதை ஒரு மூலையில் நின்று முறைத்துக்கொண்டே இருந்தார். மொர்ஜினா அடுப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கத் தகரச் சாய்ப்புக்குப் போனாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் கெஞ்சியும் அழுதும் விடாத பீடியை, மனிதர் அன்றைக்கு ஒரே நாளில் விட்டார். பயத்துக்கு இருக்கிற மரியாதை பெண்டாட்டிக்கு இல்லை என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஞாயிறும் புதனும் அரசு சுகாதார நிலையத்தில் உடற்பயிற்சி வகுப்பு. பின்பக்கத் தாழ்வாரத்தில் பிசியோதெரபி பார்க்கிற லுத்ஃபா நடத்துவார்; எல்லாருக்கும் அவர் ஆபா, அதாவது அக்கா. வருகிறவர்கள் எல்லாம் கரையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான். பெயின்ட் எரிந்த புகை, பழைய குழாய்களில் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சுத் தூள், பீடி என்று ஆளுக்கொரு கணக்கு. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். தண்ணீர் நிறைத்த பாட்டிலைத் தூக்கி இறக்க வேண்டும். தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும்.

"மூக்கால ரெண்டு எண்ற வரைக்கும் இழுங்க. ஒதட்டக் குவிச்சு நாலு எண்ற வரைக்கும் ஊதுங்க. சூடான டீய ஊதுவோமில்ல, அது மாதிரி" என்பார் லுத்ஃபா ஆபா.

"டீயக் கண்ணுலயே காட்டாம ஊதச் சொல்றீங்களே ஆபா, இது நாயமா?" என்றார் தொபாரக் மியா. தாழ்வாரமே சிரித்து, சிரித்தவர்கள் எல்லாரும் இருமி, ஆபா தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் நாள் பாதித் தாழ்வாரம் நடந்ததும் தொபாரக் மியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கண் இரண்டும் வெளியே பிதுங்கின. "செத்துருவேன் ஆபா, விட்ருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆபா அசையவில்லை.

"மூச்சு வாங்கறது வேற, சாவறது வேற தொபாரக் பாய். நீங்க ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வெச்சிருக்கீங்க. பிரிச்சுப் பாக்கப் பழகுங்க. நில்லுங்க, ஊதுங்க, அப்பறம் நடங்க."

வீட்டில் அவர் நடையை எண்ணுகிற வேலை மொர்ஜினாவுக்கு. வாசலிலிருந்து கைப்பம்பு வரைக்கும் பதினான்கு எட்டு, பாக்குமரம் வரைக்கும் நாற்பது எட்டு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்றும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிச் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் இருபத்தாறு, நடந்துவிட்டு வந்தால் முப்பத்தெட்டு. எண்ணி எண்ணி அவர் மூச்சு அவள் காதில் ஏறிவிட்டது. கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கிறவர் மூச்சு எப்படிப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாதத்தில் பாக்குமரத்தைத் தொட்டுவிட்டு நின்று, "பாத்தியாடீ" என்றார் அவர். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கரன்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அதற்காக ஒரு ஆஸ்பத்திரி சிலிண்டர் வீட்டில் இருந்தது. அதன் தலையில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு. திருகைத் திருகினால் குண்டு ஏறும். ஒன்று, இரண்டு என்று கோடு போட்டிருக்கும். இரண்டுக்கு மேல் போகக்கூடாது என்று டாக்டரும் சொன்னார், லுத்ஃபா ஆபாவும் சொன்னார். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கிற கருவியில் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரைக்கும் இருந்தால் இவருக்குப் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள் என்றும் ஆபா சொல்லியிருந்தார். ஏன் என்றும் விளக்கினார். மொர்ஜினாவுக்கு அதில் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

சிலிண்டரைத் தொடுகிற உரிமையைத் தொபாரக் மியா பெண்டாட்டிக்குக் கொடுக்கவில்லை. அது ஹாஷ்மத்துக்கு. பதினான்கு வருஷம் அவருக்கு ஹெல்பராக நின்று சிலிண்டர் வால்வு பார்த்தவன் ஹாஷ்மத். அவரைக் குருவாக நினைத்து உஸ்தாத் என்பான், மொர்ஜினாவை அண்ணி முறையில் பாபி என்பான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கரன்ட் போனதும் கூப்பிடாமலே ஓடிவந்து நிற்பான்.

மழை மாதத்தில் ஒரு சளி பிடித்தது. மூன்று நாள் அவர் படுக்கவே இல்லை. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தார். சளி பச்சையாக வந்தது. நாலாம் நாள் காலையில் காற்று பேய்த்தனமாக வீசி எங்கேயோ கம்பம் சாய்ந்து, மெஷின் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. மூன்றாம் நம்பர் புயல் கொடி ஏற்றிக் கப்பல் உடைக்கிற யார்டை மூடிவிட்டதால் ஹாஷ்மத் பாலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேறும் தண்ணியுமாக உள்ளே வந்தான்.

"நவுருங்க பாபி" என்று ரப்பர் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினான். குண்டு இரண்டில் நின்றது. விரல் கருவி எண்பத்தொன்று காட்டியது. உதடு நாவல்பழ நிறம். தொபாரக் மியா கண்ணால் மட்டும் அவனைப் பார்த்தார்.

"பத்தல பாபி."

"ரெண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு ஆபா சொன்னாங்களே."

"அது நல்லா இருக்கற நாளுக்கு. இன்னிக்கித் தகடு கனம். தகடு கனமா இருந்தா வால்வக் கூட்டணும், இதுக்கு டாக்டருக்கா படிக்கணும்?"

திருகினான். குண்டு ஆறுக்கு ஏறியது. எண்பத்தொன்று எண்பத்தெட்டு ஆயிற்று, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றேழு. உதட்டில் ரத்த நிறம் திரும்பியது. மூன்று நாளாகக் காதுவரை ஏறி நின்ற தோள்கள் இரண்டும் இறங்கின. தொபாரக் மியா அப்படியே தலையணையில் சாய்ந்து, அம்மாடி, தூங்கினார்! "அல்ஹம்துலில்லாஹ்" என்று மொர்ஜினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அந்தத் தூக்கத்தைப் பார்த்தபிறகு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கொல்லைச் சாய்ப்பில் சோறு வடித்தாள். உருளைக்கிழங்கை அவித்து, சுட்ட மிளகாயும் கடுகெண்ணெயும் வெங்காயமும் போட்டுப் பிசைந்தாள். ஹாஷ்மத் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். தகரத்தின் மேல் மழை கொட்டியது. மூன்று நாளில் முதல் தடவையாக அவளுக்கும் ஒரு வாய் இறங்கிற்று.

"பாருங்க பாபி, தொண்ணூத்தொம்பது" என்று அவன் உஸ்தாதின் விரலைத் தூக்கிக் காட்டினான். "நூத்துக்கு ஒண்ணுதான் கொறைச்சல். நம்ம வம்சத்துல எவனாச்சும் இந்த மார்க் வாங்கியிருக்கானா?"

அப்போது தொபாரக் மியா கண்ணைப் பாதி திறந்தார். "தல வலிக்குது" என்றார். நாக்குக் குழறியது. ஹாஷ்மத்தைப் பார்த்து, "ரபியுல், ஹோஸ மிதிக்காதடா" என்றார்.

மொர்ஜினா அவர் பக்கம் குனிந்தாள். செத்தவன் பேரைச் சொல்லி இவர் ஒரு நாளும் யாரையும் கூப்பிட்டதில்லை. "என்னங்க, இது ஹாஷ்மத்துங்க" என்றாள். அவர் கையைத் தூக்கப் பார்த்தார். தூக்கிய கை மணிக்கட்டில் மடிந்து விழுந்தது, எழுந்தது, விழுந்தது.

"கூட்டச் சொல்றாரு" என்று ஹாஷ்மத் துள்ளி எழுந்தான். "யார்டுல அந்தச் சத்தத்துல இப்படித்தான் கேப்பாரு." குண்டைப் பத்துக்கு ஏற்றினான்.

"கேக்கல ஹாஷ்மத். அது தானா ஆடுது. பாரு, அது அவரு ஆட்றதில்ல."

"பதினாலு வருசமா அந்தக் கையப் பாத்தவன் நானு."

கை தொப்பென்று பாயில் விழுந்தது. அவர் மறுபடி தூங்கினார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது, நெற்றியில் வியர்வை. தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்த மொர்ஜினா அப்படியே நின்றாள். அவள் காதுக்கு என்னவோ குறைந்தது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் கை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இரண்டு. நிமிஷம் முடிகிறபோது எட்டு.

மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

"என்னங்க! ஏங்க!" தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஆடியது, கண் திறக்கவில்லை.

"மூணு நாளா தூங்காத மனுசன் பாபி, விடுங்க. நம்பரப் பாருங்க, தொண்ணூத்தொம்பது."

"உன் நம்பர்ல இடி விழ! போனக் குடு."

முதல் தடவை அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் தடவை லுத்ஃபா ஆபாவின் குரல் வந்தது. தகரச் சத்தத்துக்கு மேலே மொர்ஜினா கத்திச் சொன்னாள். "எத்தனையில வெச்சிருக்கீங்க?" என்று ஆபா கேட்டார். பத்து என்றாள் மொர்ஜினா.

"மொர்ஜினா, நல்லாக் கேளு. ஒண்ணுக்குக் கொண்டு வா. இப்பவே. முழுசா மூடிறாத, ஒண்ணு. அவரு மூள போதும்னு நெனச்சு மூச்சு விட மறந்துருச்சு. உள்ள கெட்ட காத்து தேங்கிப் போச்சு. நிமித்தி உக்கார வெச்சு எழுப்பு, அடிச்சாவது எழுப்பு. நம்பர் கொறையும், பயப்படாத. எம்பத்தஞ்சுக்குக் கீழ போனா மட்டும் துளி கூட்டு. நான் ஆஸ்பத்திரியில சொல்லி வெக்கிறேன், தூக்கிட்டு வாங்க."

ஹாஷ்மத்துக்கும் கேட்டது. அவன் சிலிண்டருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றான்.

"நவுரு."

"மாட்டேன் பாபி. அந்தம்மா ஆஸ்பத்திரியப் பாத்தவங்க, கப்பல் வயித்துக்குள்ள நின்னவங்க இல்ல. உசுரு போற நேரத்துல ஆக்சிஜன அடைக்கச் சொல்ற டாக்டர எங்கயாச்சும் கண்டீங்களா?"

"எட்டு மூச்சுடா. எட்டே மூச்சு. நவுரு."

"என்னால ஆகாது!" அவன் குரல் உடைந்தது. "அவரு நெஞ்சுல இருக்கே தழும்பு, அது எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குச் சொன்னாரா? ஹோஸ் வெடிச்சதுன்னு சொல்லியிருப்பாரு. வெடிச்சது எதனால? எவனோ கத்துனதக் கேட்டு உஸ்தாத்தான் சொல்றாருன்னு நெனச்சு நான் வால்வ அடைச்சேன் பாபி. நெருப்பு திரும்பிக் குழலுக்குள்ள போச்சு. அடைச்சவன் நானு. அவரு இன்னிக்கி வரைக்கும் ஒருத்தர் கிட்டயும் சொல்லல. இனிமே அவரு சொல்லாம அடைக்க மாட்டேன்னு குர்ஆன் மேல கை வெச்சிருக்கேன்."

மொர்ஜினாவுக்கு அது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவள் அவனைத் தள்ளிப் பார்த்தாள். கரையில் இரும்பு தூக்கிய உடம்பு, அசையவில்லை. திருகைப் பொத்திய அவன் கையைக் குனிந்து கடித்தாள். பல் பதியக் கடித்தாள். அவன் அலறிக் கையை உதறினான்.

திருகைப் பிடித்துவிட்டாள். எந்தப் பக்கம் திருகுவது? ஒரு நாளும் தொட்டதில்லை, தொடவிட்டதில்லை. இந்தப் பக்கம் திருகினாள். குண்டு குபுக்கென்று பன்னிரண்டுக்கு ஏறியது. "யா அல்லாஹ்!" அந்தப் பக்கம் திருகினாள். இறங்கியது. எட்டு, ஐந்து, இரண்டு, ஒன்று. அங்கே நிறுத்தினாள்.

விரல் கருவி அவளுக்கு நேராக இருந்தது. தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்று மூன்று.

"கொல்றீங்க பாபி" என்று ஹாஷ்மத் தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் முட்டினான். "தெருவெல்லாம் சொல்லுவேன். மொர்ஜினாதான் அடைச்சான்னு சொல்லுவேன்."

"சொல்லு. மொதல்ல வந்து முதுகப் புடி."

அவன் அழுதுகொண்டே வந்து உஸ்தாதைப் பின்னாலிருந்து நிமிர்த்திப் பிடித்தான். மொர்ஜினா அவர் கன்னத்தில் அறைந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்தை அவள் கை ஓங்கித் தொட்டதில்லை. "ஊதுங்க! டீ சூடா இருக்கு, ஊதுங்க!" என்று கத்திக்கொண்டே அறைந்தாள். தொண்ணூறு. எண்பத்தெட்டு. ஒருவேளை ஹாஷ்மத் சொல்வதுதான் சரியோ? போனில் இரைச்சலில் தப்பாகக் கேட்டுவிட்டேனோ? என் கையாலேயே முடித்துவிட்டேனோ? எண்பத்தேழு. எண்பத்தாறு. அவள் கை திருகுக்குப் போயிற்று. எண்பத்தாறிலேயே அது நின்றது. அவள் மூச்சும் அதோடு நின்றது.

எண்ணினாள். ஒன்பது. மறுபடி அறைந்தாள், தொடையில் கிள்ளினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அடுத்த நிமிஷம் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினாறு. எண்பத்தெட்டு. இமை துடித்தது. தொபாரக் மியா கண்ணைத் திறந்து, எங்கேயோ தூரத்திலிருந்து அவளைப் பார்த்தார்.

"எதுக்குடீ எழுப்புன?" என்றார். "சொகமா இருந்துச்சே."

உடனே மூச்சு முட்டியது. தோள் இரண்டும் காதுக்கு ஏறின. கண்ணில் அந்தப் பழைய பயம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பயத்தைப் பார்த்து மொர்ஜினா ஓவென்று அழுதாள். அதைப் பார்த்து இத்தனை சந்தோஷம் வருமென்று அவள் நினைத்ததே இல்லை.

முழங்கால் தண்ணியில் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஹாஷ்மத் தள்ளினான். மொர்ஜினா சிலிண்டரை மடியில் கிடத்தி, திருகிலிருந்து கையை எடுக்காமல், வழியெல்லாம் அவரைப் பேச வைத்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் முகத்தை இறுக்கி மூடுகிற முகமூடி போட்டு, மெஷினால் காற்றை உள்ளே தள்ளித் தேங்கிய காற்றை வெளியேற்றினார்கள். "இன்னும் அரை மணி நேரம் அப்படியே விட்டிருந்தா தூக்கத்துலயே போயிருப்பாரு" என்றார் டாக்டர். ஹாஷ்மத் அங்கே நிற்கவில்லை. வெளியே போய் மழையில் நின்றான்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். நடை மறுபடி முதலிலிருந்து. கைப்பம்பு வரைக்கும் பதினான்கு எட்டு போய்விட்டு, ஊதி ஊதித் திரும்பி வந்து பாயில் சாய்ந்தார். ஹாஷ்மத் தினமும் வந்தான். ஆனால் உள்ளே வராமல் வாசல் மண்ணிலேயே குந்தி உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் பல் தடம் இன்னும் ஆறவில்லை.

"உள்ள வாடா" என்றார் தொபாரக் மியா.

"இருக்கட்டும் உஸ்தாத்."

"அன்னிக்கி யார்டுல தப்பு பண்ணுன, இப்ப வீட்டுல தப்பு பண்ணுன. எங்கிட்டத்தான பண்ணுன? வெளியாள் கிட்டப் பண்ணியிருந்தாத்தான வெக்கப்படணும்? வா."

அவன் வரவில்லை. தொபாரக் மியா அவனைத் திட்டிக்கொண்டே கண்ணயர்ந்தார். பகல் நல்ல வெயில் அடித்தது. மெஷின் சீராக உறுமியது. முகம் தெளிவாக, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். மொர்ஜினா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். இருபத்து நாலு. விரல் கருவியைப் பார்த்தாள். தொண்ணூறு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தோளைத் தட்டினாள்.

"என்னடீ?"

"பேரு சொல்லுங்க."

"யாரு பேர?"

"யாரு பேரையாச்சும்."

"உங்கப்பன் பேரு சைத்தான். போதுமா?"

"போதும். தூங்குங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. முகத்தில் அந்தச் சுகம் மெல்லப் பரவியது.

"பாபி, மனுசன கொஞ்சம் தூங்க விடுங்களேன்" என்றான் ஹாஷ்மத் வாசலிலிருந்து.

மொர்ஜினா அந்தச் சுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு எண்ணும் வரைக்கும் பொறுப்போம் என்று எண்ணத் தொடங்கினாள். அறுபதுக்கு மேல் அவளால் முடியவில்லை. மறுபடி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.